கறுப்பு வெள்ளை முயலின் காவலர்

சிறு பதிப்பாளர்கள் வெளியிட்ட வேடிக்கை விலங்குக் காமிக்ஸின் பழைய அன்பர் என்பவர், அறுபதை நெருங்கிய வயதினராய், வட அமெரிக்க நகரம் ஒன்றில் தம் வீட்டு நிலவறையில், அமிலம் நீக்கிய அட்டை செருகிய பிளாஸ்டிக் உறைகளுக்குள் தம் இளமையை இதழ் எண் வரிசையில் அடுக்கி வைத்திருப்பவர் ஆவார். வேடிக்கை விலங்கு என்பது அமெரிக்கக் காமிக்ஸ் தொழிலில் வழங்கும் பெயர். மனிதரைப் போலப் பேசி, கடன் வாங்கி, கோபித்துக்கொண்டு, சட்டையை மறவாமல் அணிந்து, கால்சட்டையை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடும் வாத்து, பூனை, முயல் முதலியவற்றை அது குறிக்கும். அவ்விலங்குகள் பெருநிறுவனங்களின் உடைமையாக இருக்கும்போது அன்பருக்கு அவற்றின்மீது மரியாதை மட்டுமே உண்டு; ஒரு தனி மனிதர் தாமே வரைந்து, தாமே அச்சுக்குக் கொடுத்து, தாமே நட்டமும் அடைந்த விலங்கின்மீதுதான் அவருக்குக் காதல்.

இவையெல்லாம் குழந்தைகள் படிப்பவை அல்லவா என்று எவரேனும் கேட்டுவிட்டால், அன்பரின் விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து ஆர்ட் ஸ்பீகல்மன் படைத்த 'மவுஸ்', 1972இல் ஒரு வேடிக்கை விலங்குத் தொகுப்பில் மூன்று பக்கக் கதையாகத் தோன்றியது என்பதையும், பின்னர் நூலாக விரிந்து 1992இல் புலிட்சர் சிறப்பு விருதைப் பெற்றது என்பதையும் அவர் நீதிமன்ற வழக்கறிஞரின் நிதானத்தோடு எடுத்துரைப்பார். விருது பெற்ற எலியைச் சாட்சிக்கூண்டில் நிறுத்தி வழக்கை வென்றபின், அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவது என்னவோ கராத்தே பயின்ற வெள்ளெலியைத்தான்.

இக்காதலுக்கு வழிவகுத்தது ஒரு வணிக ஏற்பாடாகும். பத்திரிகைக் கடைகள் விற்காத இதழ்களைத் திருப்பியனுப்பிய பழைய முறைக்கு மாறாக, 1970களில் உருவான நேரடி விற்பனை முறையில், காமிக்ஸுக்கென்றே ஏற்பட்ட கடைகள் கூடுதல் கழிவு பெற்றுக்கொண்டு திருப்பியனுப்பும் உரிமையை விட்டுக்கொடுத்தன. எத்தனை பிரதி போகும் என்பது அச்சிடுமுன்பே தெரிந்ததால், கையில் காசில்லாதவரும் பதிப்பாளராகத் துணிந்தனர். கனடாவின் கிச்சனர் நகரில் டேவ் சிம் 1977 டிசம்பரில் தொடங்கிய 'செரிபஸ்', எறும்பும் கரையானும் தின்னும் ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்க விலங்கின் கையில் வாளைக் கொடுத்து வீரன் கோனானைக் கேலி செய்யப் பிறந்து, அரசியல், சமயம் என்று கிளைவிட்டு, 2004 மார்ச்சில் 300ஆம் இதழோடு முடிந்தது. பெண்களைப் பற்றிச் சிம் எழுதியவை வாசகர் பலரை விரட்டிவிட்ட பின்னும், பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் தவறாமல் மொய் எழுதுபவரைப் போல, அன்பர் கடைசி இதழ்வரை வாங்கித் தீர்த்தார்.

அன்பர் உண்மையில் ஏங்குவது ஓவியத்துக்காகவோ கதைக்காகவோ அன்று. படைப்பாளி கைக்கெட்டும் தொலைவில் இருந்த காலத்துக்காகவே ஆகும். இதழின் கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதங்கள் இடம்பெற்ற அந்நாளில், நான்காம் பக்கத்தில் இடக்கையில் இருந்த வாள் ஐந்தாம் பக்கத்தில் வலக்கைக்கு மாறியதைச் சுட்டி அவர் எழுதிய கடிதம் அச்சேறியது. பட்டம், பணி, திருமணம் ஆகியன அதற்குப் பிற்பட்ட நிகழ்ச்சிகளாகவே அவர் வரலாற்றில் இடம்பெறுகின்றன. படைப்பாளிகளை அவர் பங்காளிகளைப் போலப் பெயர் சொல்லியே குறிப்பிடுவார். மாநாட்டு மேசையில் ஒருவர் மூன்று நிமிடத்தில் வரைந்து கொடுத்த முயலைப் பற்றி முப்பது நிமிடம் பேசுவார்.

இத்தகைய நெருக்கத்தில் ஒரு முரண் ஒளிந்துள்ளது: படைப்பாளி வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அன்பர், அவர் வாழத் தொடங்கியதும் மனம் கோணுகிறார். கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் 1984 மே மாதம் ஏறத்தாழ 3,000 பிரதிகளோடு வெளியிட்ட நிஞ்சா ஆமைகளின் கதை, 1987இல் தொலைக்காட்சிக்குச் சென்று, பொம்மையாகவும் சாப்பாட்டுப் பெட்டியாகவும் பெருகியபோது, ஊரார் அனைவரும் கொண்டாடிய அவ்வெற்றியை அவர் வீட்டில் களவு போனதாகவே கருதினார். மூலத்தில் நான்கு ஆமைகளும் சிவப்பு முகத்துணியே அணிந்திருந்தன என்ற தகவலை, கேட்காத சிறுவர்களுக்கும் அவர் இன்றளவும் வழங்கிவருகிறார். ஆமைகளின் வெற்றியைக் கண்டு 1986இல் கதிரியக்க வெள்ளெலிகளும் குங்ஃபூ கங்காருகளும் புற்றீசல்போலக் கிளம்பியதையும், விலை ஏறும் என்று நம்பி மூட்டை மூட்டையாக வாங்கியோர் கைவிட்டதும் அடுத்த ஆண்டிலேயே அச்சந்தை சரிந்ததையும் விளக்கி, பேராசையே கலையைக் கெடுத்தது என்று அவர் முடிப்பார். அவருடைய பெட்டியில் வெள்ளெலி இதழ் இரண்டு படிகள் இருப்பதற்கு ஒன்று படிக்க, ஒன்று பாதுகாக்க என்பதே அவர் தரும் விளக்கம். நாற்பது ஆண்டுகளாகியும் இரண்டில் எதன் விலையும் அவரைச் சோதனைக்கு உட்படுத்தவில்லை.

ஏக்கம் நிறைவுபெற வேண்டுமாயின் அதற்குரிய பொருள் முடிந்துபோயிருக்க வேண்டும். செரிபஸ் முடிந்தது, உசாகி என்ற முயலையும் பிற விலங்குகளையும் தாங்கி 1986இல் தொடங்கிய 'கிரிட்டர்ஸ்' தொகுப்பிதழும் 50 இதழ்களோடு 1990இல் நின்றது, ஆகவே அவற்றை எண்ணி அன்பர் இடையூறின்றிப் பெருமூச்சு விடலாம். அவருக்குத் தொல்லை தருபவர் ஸ்டான் சகாய் ஒருவரே. கியோட்டோவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த சகாய், ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியை நினைத்து 1984இல் படைத்த 'உசாகி யோஜிம்போ' என்ற சாமுராய் முயல், பதிப்பகம் பல மாறியும் நாற்பது ஆண்டுகளாக ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. இறந்ததாக எண்ணி இரங்கல் எழுத அமர்ந்தவர் முன்னே உரியவரே வந்து நிற்பதைப் போன்ற சங்கடம் இது. புதிய இதழ் வந்தால், பழையவற்றின் நயம் இதில் இல்லை என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே அன்பர் அதை வாங்குகிறார். வீடுவரை பொறுக்கமாட்டாமல் வண்டி நிறுத்துமிடத்திலேயே கடைசிப் பக்கம்வரை படித்து முடிக்கிறார். அன்றிரவு அவ்விதழை உறையில் இட மறந்துவிடுகிறார்.