ஒன்பதாவது வரி: விளக்கம் கோருதல் தொடர்பாக

அனுப்புநர்:
புதுக் கார் வாங்க ஆசைப்படும் ஒரு குடும்பஸ்தன், கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள், கண்ணாடி மாளிகை போன்ற கார் ஷோரூம், அதே ஊர்.

பார்வை: தேதி, முத்திரை, கையெழுத்து எதுவுமின்றி விளம்பரத் தாளின் பின்புறம் பேனாவால் எழுதித் தரப்பட்ட தங்கள் கொட்டேஷன்.

ஐயா,

முதலில் ஏலக்காய் டீக்கு நன்றி. என் மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள். மகளுக்குப் பலூன் கிடைத்தது. கல்யாண வீட்டில்கூட எங்களை இப்படி வரவேற்றதில்லை. இந்த உபசரிப்பெல்லாம் எந்த வரியில் ஏறியிருக்கிறது என்று தேடப்போய்த்தான் இந்தக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

தங்கள் கொட்டேஷனில் ஒன்பது வரிகள் இருக்கின்றன. எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, பேசிக் கிட், ஃபாஸ்டேக், ஹேண்ட்லிங், கடைசியாக 'இதர'. இந்த 'இதர' மட்டும் 11,500 ரூபாய். அது என்னவென்று தங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். தம்பி நல்ல பையன், டை கட்டியிருந்தார். குரலைத் தாழ்த்தி, கூரையைப் பார்த்து, "அது ஆர்.டி.ஓ. சைடுங்க சார்" என்றார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு காரைப் பதிவு செய்ய அரசு வாங்கும் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 1,500. இரண்டுக்கும் அரசே ரசீது தருகிறது. ரசீது இல்லாத அந்த 'சைடு' எந்தப் பக்கம் இருக்கிறது என்று தாங்கள்தான் காட்டவேண்டும்.

எட்டாவது வரியும் லேசுப்பட்டதல்ல. ஹேண்ட்லிங் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியைத் தங்கள் யார்டில் இறக்கி, கழுவி, நிறுத்திவைத்த செலவாம். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை லாரியிலிருந்து இறக்கிய கூலியை என் பில்லில் தனியாகப் போட்டதில்லை. அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று இப்போது புரிகிறது.

அடுத்து சன்ரூஃப். நான் பார்த்த மாடல் 9,85,000 ரூபாய். "இன்னும் இருபத்தஞ்சாயிரம் போட்டா சன்ரூஃப் வந்துருங்க சார், மாசத்துக்குப் பாத்தா ஐந்நூறு ரூபாதான்" என்றார் தம்பி. வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்தது. சித்திரை வெயிலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு பாலக்காடு வரை போகும் கனவை யாருக்குத்தான் கலைக்க மனம் வரும்? ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி, அதாவது ஆயுள் வரி, 13 சதவீதம்; பத்து லட்சத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும். 9,85,000-க்கு வரி 1,28,050. சன்ரூஃபோடு 10,10,000 ஆனால் 1,81,800. வரி மட்டும் 53,750 கூடுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டியதால், விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் ஒரு சதவீத வருமான வரி, அதாவது டி.சி.எஸ். என்று 10,100 ரூபாய் வேறு. டி.சி.எஸ்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் வண்டி எடுக்கும் அன்று கையிலிருந்துதான் கட்டவேண்டும். ஆக, இருபத்தஞ்சாயிரம் ரூபாய்ச் சன்ரூஃபுக்கு அன்றைக்கு எடுத்துவைக்க வேண்டியது 88,850. இந்தக் கணக்கைத் தம்பி சொல்லவில்லை என்று குறை கூறமாட்டேன். அவர் பயிற்சியில் கூட்டல் பாடம் அடுத்த மாதம் வரலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் தங்கள் அக்கறை என்னை நெகிழவைத்தது. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காதுங்க. டிஸ்கவுன்டும் கட் ஆயிடும்" என்றார்கள். கேஷ்லெஸ் என்பது இன்சூரன்ஸ் நிறுவனம் எந்தெந்தப் பட்டறைகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாலிசியை எந்த மேஜையில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுப்பது என்பது வாங்குகிறவரின் விருப்பம். புதுக் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும். சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் போதும். எனக்கு ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று சொன்னேன். அதற்கும் ஒரு தொகை போட்டிருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை விபத்தில் சிக்கினால் உதவும் என்று நினைத்திருப்பீர்கள் போலிருக்கிறது. இதே கவர், இதே ஐ.டி.வி. (காப்பீட்டு மதிப்பு), இதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) என்று வெளியில் ஒரு விலை எழுதி வாங்கி வந்து மேஜையில் வைத்ததும், தங்கள் சிஸ்டத்திலும் திடீரென்று ஒரு சலுகை முளைத்தது. அதிசயம்தான்.

பேசிக் கிட்டில் மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், டெஃப்லான் கோட்டிங், அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட். கம்பல்சரியாம். கார் கம்பெனியே துருப்பிடிக்காமல் செய்துதான் அனுப்புகிறது என்று தங்கள் பளபளப்பான புத்தகம் நான்காம் பக்கத்தில் சொல்கிறது. அந்தப் புத்தகத்தைத் தாங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு ஏன் கொடுத்தீர்கள்?

கடன் மேஜையில் முதல் கேள்வியே, "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" வட்டி எவ்வளவு என்று நான் கேட்கும் முன்பே முந்திக்கொண்ட சுறுசுறுப்பைப் பாராட்டுகிறேன். ஏழு லட்சம், ஒன்பது சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 14,530. அதை ஏழு வருடமாக நீட்டினால் 11,262. "மூவாயிரத்துக்கு மேல மிச்சம் சார்" என்று தம்பி பூரித்துப்போனார். முழுக் கடனுக்கும் பார்த்தால் சுமார் 74,000 ரூபாய் அதிகமாகக் கட்டுகிறேன். தங்கள் கணினித் திரையில் அந்த எண்ணுக்கு இடமில்லை. மாதத் தவணைக்கு மட்டும் பெரிய எழுத்து.

சலுகைப் பலகையில் முதலாவதாக 'ஜி.எஸ்.டி. சலுகை' என்று பார்த்தேன். சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல். அது சட்டம். சட்டப்படி நடப்பதையே சலுகையாகத் தருகிற தாராள மனது வேறு யாருக்கு வரும்!

கடைசியாக, வண்டியைப் பார்ப்பது. பதிவுக்கு முன்னால் யார்டில் வைத்து வண்டியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். "எதுக்குங்க சார், டெலிவரி அன்னிக்கு துணியை விலக்கும்போது சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார்கள். சர்ப்ரைஸ் எனக்கு ஆகாது. ரத்தக் கொதிப்பு இருக்கிறது. என் பெயரில் நம்பர் ஏறிய பிறகு கதவில் கீறலைக் கண்டுபிடித்தால், "டச்சப் பண்ணிக் குடுத்துடலாங்க" என்பதோடு கதை முடியும். அதனால் வண்டியின் சேசிஸ் எண்ணை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். தயாரித்த மாதமும் வருடமும் விற்பனைச் சான்றான படிவம் 21-லேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். டிசம்பர் மாதத்துத் தள்ளுபடி ஏன் அவ்வளவு இனிக்கிறது என்பதை அந்த டயரிடமே விசாரித்துக்கொள்ளலாம். ஐந்தாவது டயரையும் பார்ப்பேன். டிக்கியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

எலுமிச்சம்பழம், தேங்காய், ரிப்பன், கேக், ஆளுயரச் சாவி, புகைப்படம் இவற்றில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ரேட் மட்டும் எழுதிவிடுங்கள்.

ஆகவே ஐயா, ஒன்பது வரிகளுக்கும் தனித்தனித் தொகை, எது கட்டாயம், எது என் விருப்பம் என்ற குறிப்பு, வண்டியின் நிறம், மாடல், டெலிவரி தேதி, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற விவரம் எல்லாவற்றையும் தங்கள் நிறுவனத்தின் தாளில், முத்திரையும் கையெழுத்துமாக எழுதித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வாயால் சொன்னவை எவ்வளவு இனிமையானாலும் கணக்கில் சேராது. தாள் வரும்வரை புக்கிங் பணம் என் வங்கிக் கணக்கிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் 'ஹாட் கஸ்டமர்'
(தங்கள் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.)

நகல்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒன்பதாவது வரிக்குப் பதில் வராவிட்டால் மட்டும்.