சுண்ணாம்பு தடவிய சுற்றுலா

புதூரில் ஒருவர் "ஒயின் டூர் போறேன்" என்று சொன்னால், "பன்னிரண்டு மணி ஆகட்டும், கடை திறக்கட்டும்" என்றுதான் பதில் வரும். சின்னக் குழுவாகப் போவதும் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு குவார்ட்டருக்கு இரண்டு பேர் 'கட்டிங்' சேர்வது, அரசாணை எதுவும் இல்லாமல் தானாகவே வளர்ந்த கூட்டுறவு இயக்கம். வழிகாட்டி, ருசி பார்த்தல், வரும் வழியில் இயற்கையை ரசித்தல், கடைசியில் ஆளை வீட்டு வாசலில் இறக்கிவிடுதல் என்று டூருக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு.

இத்தாலியில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் திண்ணையில் உட்கார்ந்து அங்கத்திய ஒயின் டூரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தெருவில் பாதி வந்து உட்கார்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு பிளாரன்ஸ் நகரத்தில் வேன் ஏற வேண்டும். கியாந்தி மலைச்சரிவில் இரண்டு திராட்சைத் தோட்டம். முதலாளியே வந்து மண்ணை அள்ளிக் காட்டுவார். நாலைந்து வகை ஒயின், வகைக்கு ஒரு வாய். நடுவில் ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி. ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல். எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள்.

நூறு யூரோவைக் கேட்டு அசராத எங்கள் ஊர் வேன் டிரைவர் எட்டுப் பேர் என்றதும் ஆடிப்போய்விட்டார். "வேனுக்கு எட்டா? அது என் சீட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்துருவாகளே!"

இயற்கைக்குக் கேடில்லாத தோட்டம் என்பதுதான் இப்போது அங்கே பேச்சு. கியாந்தி கிளாசிகோ ஒயினுக்கான விதிப்படி கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நெருக்கடிக்கு மட்டும்தான். மற்றபடி மழையை நம்பித்தான் விடவேண்டும். கொடி தண்ணீருக்குத் தவித்து வேரை ஆழமாக விட்டால்தான் பழத்தில் சாரம் இறங்கும் என்கிறார்கள்.

"மானாவாரின்னு சொல்லு" என்றார் என் பெரியம்மா. "தவிச்சா ருசி வருமாக்கும்? இங்க நாங்களும் தலைமுறை தலைமுறையாத் தவிச்சுக்கிட்டுத்தான் கிடக்கோம். எங்க உளுந்தைக் கடிச்சுப் பாத்து எவன் கண்ணை மூடிச் சொக்குனான்?"

மருமகன் விடவில்லை. கொடி வரிசைகளுக்கு நடுவே பயறு வகை விதைத்து மண்ணை வளப்படுத்துகிறார்களாம். பெரியம்மா மிளகாய்க்குள் கொத்தமல்லி போட்டு எடுத்தவர், அசையவில்லை. அடுத்து, தோட்டத்துக்குள் ஆடு மேய விடுகிறார்களாம், வருகிறவர்கள் அதைப் படம் எடுக்கிறார்களாம். கரிசல் காட்டில் கிடை அமர்த்தாத சம்சாரி யார்? கி.ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஆடு வந்து படுப்பதற்கு நாம் கீதாரிக்குக் கூலி கொடுக்கிறோம். ஆட்டைப் பார்க்க ஆள் வந்து நமக்குக் காசு கொடுப்பது என்பது கீதாரிக்கே தோன்றாத யோசனை.

மண் விஷயத்திலும் அப்படித்தான். கியாந்தியில் கலெஸ்த்ரோ என்று, பிடித்தால் உதிர்கிற களிப்பாறை மண். முதலாளி அதை உள்ளங்கையில் நொறுக்கிக் காட்ட, எட்டுப் பேரும் தலையாட்டுகிறார்கள். எங்கள் கரிசலை யாரும் எடுத்துக் காட்ட வேண்டாம், அதுவே வந்து ஏறிக்கொள்ளும். ஐப்பசி மழையில் காட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் செருப்புக்கு ஒரு கிலோ மண் ஒட்டி, குட்டையான ஆள்கூட மாப்பிள்ளை பார்க்கிற உயரத்துக்கு வந்துவிடுவார். சித்திரையில் அதே காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சாவிக்கொத்து உள்ளே விழுந்தால் பூட்டை உடைப்பதுதான் வழி.

1985இல் இத்தாலியில் ஒரு சட்டம் போட்டார்கள். விவசாயி தன் பண்ணையிலேயே விருந்தாளிகளைத் தங்கவைத்து, சோறு போட்டு, காசு வாங்கலாம். விவசாயம்தான் முக்கியத் தொழிலாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நல்ல சட்டம். புதூரில் வந்திருந்தால் இரண்டாவது நாளே கவிழ்ந்திருக்கும். விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டு ரசீது நீட்டினவன் வீட்டுக்கு அப்புறம் யார் பெண் கொடுப்பார்கள்?

நம் நாட்டிலும் ஒயின் டூர் இல்லாமல் இல்லை. நாசிக்கில் 1999இல் தொடங்கிய சுலா தோட்டத்துக்கு இன்று ஊர் ஊராக ஆள் போகிறது. தமிழ்நாட்டில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கத்திய பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. ஆனால் கம்பத்துக்காரர் பழத்தைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். அதோடு, புதூர்க்காரன் கம்பத்தைக் காட்டிப் பெருமை பேசுவது அடுத்த வீட்டு மாட்டைக் காட்டிக் கடன் கேட்கிற மாதிரி.

எங்களுக்கு இருப்பது பனை. புதூரிலிருந்து நாகலாபுரம், விளாத்திகுளம், சூரங்குடி வழியாகப் போனால் கடலோரத்தில் வேம்பார். கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். பங்குனியில் பதனி இறங்குகிற நேரம். "மாமா, நாம ஒரு டூர் போட்டா என்ன?" என்றான் மருமகன். போட்டோம்.

எட்டுப் பேர் என்றுதான் பேச்சு. வேம்பாருக்கு வேன் போகிறது என்ற செய்தி பரவியதும் கருப்பட்டி வாங்க ஒருவர், சூரங்குடியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஒருவர், "சும்மா ஒரு எட்டு" என்று இருவர், அவர்கள் பிள்ளைகள். விளாத்திகுளம் தாண்டும்போது தலையை எண்ணலாம் என்று பார்த்தேன், திரும்ப இடமில்லை. டிரைவர் முகத்தில் மட்டும் ஒரு நிறைவு.

கிளம்பியது விடியுமுன். ஒயின் டூரில் மாலை வெயிலில் கோப்பையை உயர்த்திப் படம் எடுப்பார்கள், பதனி அதுவரை காத்திருக்காது. கியாந்திக்காரர்கள் ஒரு சேவல் கதை சொல்வார்கள். பிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் எல்லைத் தகராறு. இரண்டு ஊரிலிருந்தும் சேவல் கூவியதும் ஆளுக்கொரு குதிரைவீரன் கிளம்பவேண்டும், சந்திக்கிற இடம் எல்லை. பிளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது பசியில் நடுச்சாமத்திலேயே கூவ, கியாந்தியின் பெரும்பகுதி அவர்களுக்குப் போனது. இன்றைக்கும் புட்டியின் கழுத்தில் அந்தக் கறுப்புச் சேவல் நிற்கிறது. பட்டினி கிடந்ததற்கு ஒரு சேவலுக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்டு வேனில் பலருக்கும் பெருமூச்சு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனையேறி அண்ணாச்சி ஏற்கெனவே மேலே இருந்தார். காலில் தளைநார், இடுப்பில் அருவாள்பெட்டி. பாளையின் நுனியைக் காகிதக் கனத்துக்கு ஒரு சீவல், கலயத்தை அவிழ்த்துக் குடுவைக்குள் கவிழ்த்தல், திரும்பக் கட்டுதல். இறங்கி அடுத்த மரம். ஒரே மரத்தில் காலையும் ஏறவேண்டும், மாலையும் ஏறவேண்டும். அவர் இறங்குகிற வேகத்தைப் படம் பிடித்த மருமகனின் போனில் வெறும் ஆகாயம்தான் விழுந்திருந்தது.

கலயத்தின் உட்புறம் வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவியிருந்தது. இந்தச் சுற்றுலாவின் சூட்சுமமே அதில்தான். திராட்சையோ பனையோ, சாற்றில் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் ஈஸ்ட் வந்துவிடும். இத்தாலிக்காரர் அதை வரவேற்று, பீப்பாயில் குடிவைத்து, மாதக்கணக்கில் காவல் காக்கிறார். சாறு புளிக்காவிட்டால் அவர் தலையில் துண்டு. எங்கள் அண்ணாச்சிக்கோ சாறு புளித்துவிட்டால் துண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மற்ற சரக்கையெல்லாம் 2003இலிருந்து அரசே சில்லறையில் விற்கிறது, ஒயின் உட்பட. பனை மாநில மரம். அதை வெட்ட வேண்டுமானால் ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிப்பும் வந்தது. ஆக மரத்துக்குப் பாதுகாப்பு பலமாக இருக்கிறது. சுண்ணாம்பு தடவினால் கற்பகத்தரு, தடவ மறந்தால் வழக்கு.

ருசி பார்க்கும் படலம் வந்தது. குருத்தோலையை மடித்துப் பட்டை கட்டி, விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார். மருமகன் பழக்கதோஷத்தில் அதை லேசாகச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோக, பாதி சட்டையில் இறங்கியது. பட்டையைக் கீழே வைக்க முடியாது, கவிழ்ந்துவிடும். கையிலேயே வைத்திருந்தால் மடிப்பில் கசியும். இரண்டு கையாலும் ஏந்தி, நிறுத்தாமல் குடித்து முடிப்பது ஒன்றே வழி. ஒயின் டூரில் ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்று ஒரு வாளி வைத்திருப்பார்களாம். அதைக் கேட்ட அண்ணாச்சி, "துப்பவா?" என்றார். அப்புறம் வெகுநேரம் மருமகனை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எந்த வருசத்துச் சரக்கு?" என்றான் அவன், சமாளிக்க.

"வருசமா? இன்னைக்குக் காலையில உள்ளது தம்பி. வெயில் ஏறிட்டா நானே குடிக்கமாட்டேன்."

ஒயின் ருசிக்கிறவர்கள் அதில் செர்ரிப்பழம், தோல், புகையிலை, ஈரக்கல் என்று என்னென்னவோ கண்டுபிடிப்பார்கள். பெரியம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அண்ணாச்சி முகம் சுருங்கி, கலயத்தை எடுத்து முகர்ந்து, "கடைசி மரத்துல கொஞ்சம் கூடித்தான் போச்சு" என்று ஒப்புக்கொண்டார். புட்டிக்குப் பின்னால் ஒட்டுகிற சீட்டில் இவ்வளவு நேர்மையை நான் பார்த்ததில்லை.

பிறகு கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக்குப் போனோம். தாச்சியில் பதனி நுரைத்துப் பொங்க, அண்ணாச்சி வீட்டம்மா ஓர் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார். பொங்கினது அப்படியே அடங்கியது. அடுப்பில் சீமைக்கருவேல விறகும் காய்ந்த பனமட்டையும். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார்கள். எங்கள் கூட்டம் அந்தப் புகையில் நிற்கமுடியாமல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வீட்டம்மா மட்டும் உள்ளேயே இருந்தார். அவருக்கு டூர் முடிய மத்தியானம் ஆகும்.

அண்ணாச்சிக்கு இரண்டு பையன்கள், இருவரும் திருப்பூரில். "மரம் நிக்குது, ஏறத்தான் ஆளில்ல" என்றார். ஆட்சியரிடம் அனுமதி கேட்காமலே தொழில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மருமகன் அந்த நூறு யூரோ டூரை அவருக்கு விளக்கமாகச் சொல்லி, இதுபோல ஆள் கூட்டிவந்தால் ஏறுவதைப் பார்ப்பதற்கே ஒரு கட்டணம் வைக்கலாம் என்றான். வேலை செய்வதைப் பார்க்கக் காசு வாங்குவது அவருக்கு ஒப்பவில்லை. பதனிக்கு உள்ள விலையைக் கொடுத்தால் போதும் என்றார். அருவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டார்:

"ஆமா தம்பி, அந்தத் திராட்சை எம்புட்டு உசரம் ஏறணும்?"

"ஏறவே வேண்டாம் அண்ணாச்சி. கம்பியில கட்டி விட்டிருப்பாக. இடுப்பு உயரம், மிஞ்சினா நெஞ்சு உயரம்."

தீட்டுவதை நிறுத்திவிட்டார். "தரையில நின்னு பறிக்கிறதைப் பாக்கவா நூறு யூரோ குடுக்காக?"

பதில் வரும் என்று அவர் நிற்கவில்லை. தளைநாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனவர், அங்கிருந்து திரும்பிச் சத்தம் கொடுத்தார்:

"லிட்டருக்கு ஒரு இருபது ரூவா சேத்துக் குடுத்துட்டுப் போங்க."