கொசுறாக வந்த சுண்ணாம்புச் சத்து

நான் சிறுவனாக இருந்தபோது காரமடைப் பக்கம் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கியவர் என்று ஒருவரையும் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் அது பாட்டுக்கு வளர்ந்து நிற்கும். மோர் புளித்துப்போனால் அம்மாயி அதன் தூரில் கொண்டுபோய் ஊற்றுவார். அவ்வளவுதான் பராமரிப்பு.

மரம் இல்லாதவர்களுக்குச் சந்தை. கத்தரிக்காயை நிறுத்துப் போட்ட கையோடு கடைக்காரர் ஒரு கொத்தைப் பையில் போடுவார். வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டே அம்மாயியும் கையை நீட்டுவார். ஏன் என்று கேட்டால், “அது நம்மளுது. இது அவன் குடுக்க வேண்டீது” என்பார். காயில் ஒன்றிரண்டு சொத்தை இருந்தால் பொறுத்துப் போவார். கொசுறு வராவிட்டால் மட்டும் கடையை விட்டு நகர மாட்டார்.

இப்படிப் போராடி வாங்கி வந்ததை நாங்கள் சாப்பாட்டில் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்போம். “ஏஞ்சாமி, கருவேப்பலைய ஒதுக்கறே? தின்னு, தலமுடி கருகருன்னு வரும்” என்பார் அம்மாயி. பக்கத்திலேயே அப்புச்சி வழுவழுப்பான தலையோடு ஓர் இலை விடாமல் மென்றுகொண்டிருப்பார். அதற்கு மேல் அந்த வாதத்தை யாரும் வளர்த்ததில்லை.

இப்போது சென்னையில் என் சாப்பாட்டு மேசை மேல் கறிவேப்பிலை கேப்ஸ்யூல் டப்பா உட்கார்ந்திருக்கிறது. மகள் ஆன்லைனில் வரவழைத்தது. விலை நானூறுக்கு மேல். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் இலைப்பொடி. மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் வைக்கோற்போருக்குள் தலையை விட்டதுபோல் இருக்கிறது. இலைக்கு மணம் தருபவை காரியோஃபிலின், பைனீன் போன்றவை. எல்லாம் எளிதில் ஆவியாகிறவை. காய்ந்து அரைபடுவதற்குள் பெரும்பகுதி பறந்துவிடுகிறது. இலையில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் எங்கும் பறப்பதில்லை. ஆக, எதற்காக அந்த இலையைக் குழம்பில் போட்டோமோ அது போய், எது இருப்பதே எங்களுக்குத் தெரியாதோ அது மட்டும் டப்பாவில் மிஞ்சியிருக்கிறது.

டப்பாவில் தாவரவியல் பெயரும் உண்டு: முறாயா கோனிகீ. 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகொடிகளின் பின்னால் அலைந்த கோனிக் என்பவரின் பெயர். லின்னேயஸின் மாணவர். நாங்கள் தட்டோரம் தள்ளியதற்கு லின்னேயஸ் 1771-லேயே தன் மாணவர் பெயரைச் சூட்டிவிட்டார்.

சத்துக் கணக்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அது எங்கள் தலைக்கு மேலேயே நடந்தது. காரமடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலையில், குன்னூரில், 1918-ல் மெக்கேரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் இருந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அதைப் பிற்பாடு விரித்து எழுதியவர்களில் முதன்மையானவர், சேலத்தில் பிறந்த சி. கோபாலன். அந்தப் பட்டியலில் 100 கிராம் கறிவேப்பிலைக்குச் சுண்ணாம்புச் சத்து 830 மில்லிகிராம். பசும்பாலுக்கு 120. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தவர்கள் மாட்டை விற்றிருக்க வேண்டும்.

2017-ல் அந்த நிறுவனமே நாடெங்கும் மாதிரி எடுத்துப் புதுப் பட்டியல் போட்டது. சுண்ணாம்பு 659-ஆக இறங்கிவிட்டது. பழைய பட்டியலின் பிந்தைய பதிப்பில் 0.93 ஆக இருந்த இரும்பு 8.67-க்கு ஏறிவிட்டது. மண்ணும் ரகமும் இலையின் முதிர்ச்சியும் அளக்கும் முறையும் மாறினால் எண்ணும் மாறத்தான் செய்யும். டப்பாக்காரர் தன் லேபிளில் சுண்ணாம்புக்குப் பழைய பட்டியலையும் இரும்புக்குப் புதியதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். விவரமான ஆள்.

மகளின் செயலியில் நானும் கணக்குப் போட்டேன். பச்சை இலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஆகவே நாளொன்றுக்கு விழுங்கும் ஒரு கிராம் பொடி மூன்று கிராம் பச்சை இலைக்குச் சமம். அதில் சுண்ணாம்பு சுமார் 20 மில்லிகிராம். தேவையோ ஒரு நாளைக்கு 1000. ஒரு மேசைக்கரண்டிப் பாலில் இருப்பதை இரண்டு வேளையாகப் பிரித்து வெந்நீரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறோம். இலையில் உள்ள ஆக்சலேட் அதிலும் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும். அது லேபிளில் வராது.

கணக்குக்கு ஓரளவு ஒத்துவந்தது அம்மாயியின் துவையல்தான். காய் இல்லாத நாளில் இரண்டு கை நிறைய உருவி, காய்ந்த நல்லெண்ணெயில் போடுவார். படபடவென்று வெடித்து, ஓரம் சுருண்டு, ஒரு சட்டி இலை ஒரு பிடியாக அடங்கும். மிளகாய், உளுந்து, புளி, உப்பு சேர்த்து அம்மியில் வைத்தால் ஒதுக்குவதற்கு இலை என்று ஒன்று இருக்காது. இலையில் உள்ள கரோட்டீன் உடம்பில் சேர எண்ணெய் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எண்ணெய் இல்லாவிட்டால் துவையல் தொண்டையில் இறங்காது என்பது தெரியும்.

அந்தத் துவையலுக்கு இன்று இலைதான் சிக்கல். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் ஏக்கராகச் செங்காம்புக் கறிவேப்பிலை போட்டு லாரியில் அனுப்புகிறார்கள். புழு கடித்த இலையை யார் வாங்குவார்கள்? மருந்தடிக்கிறார்கள். பூச்சிக்கொல்லி எச்சத்துக்காக இந்தியக் கறிவேப்பிலையைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது. சந்தையில் ஓசியில் வந்தது, இப்போது ஆய்வகச் சான்றிதழோடு விமானம் ஏறுகிறது. எங்கள் வீட்டில் கடை இலையைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, துணியில் உலர்த்திய பிறகே கடுகு வெடிக்கிறது.

இந்தத் தொல்லைக்குப் பயந்து பால்கனியில் ஒரு தொட்டி வைத்தோம். மருந்து கிடையாது, மோர் மட்டும். துளிர்த்து வந்த நேரத்தில் இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நகர்ந்தது. சில நாளில் பச்சைப் புழுவாகிக் காம்பு வரை மொட்டையடித்துவிட்டது. எடுத்துப் போடக் கை நீட்டினேன்.

“தொடாதீங்கப்பா, அது பட்டாம்பூச்சி ஆகப்போகுது” என்று தடுத்துவிட்டு, மகள் அடுத்த டப்பாவுக்கு ஆர்டர் போட்டாள்.