மிச்சம் ஐநூறு

இன்டர்ன்ஷிப் கிடைத்த பையன் கொல்லிமலைச் செம்மேடு டீக்கடைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அங்கே மாமா இருப்பார். போனால், தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தை நீவி, காதில் செருகிய பேனாவை எடுத்துவிடுவார். முன்பக்கத்தில் பையனின் ராசிக்கு ‘விரயம்’ என்று அச்சாகியிருக்கும். அதை அவர் பார்ப்பதில்லை.

“மாசம் எவ்வளவுங்கறான் கண்ணு?”

“எட்டாயிரங்க மாமா. பெங்களூரு.”

“எட்டாயிரமா!” 2024-ல் மத்திய அரசு பிரதமர் பெயரில் தொடங்கிய இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் 5,000 ரூபாய்தான் என்பது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. “கவர்மெண்டே அஞ்சுதான் குடுத்துச்சு. உனக்கு மூணு கூட!” வரவு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு.

பையன் விசாரித்த பிஜி விடுதியில், ஒரு அறைக்கு மூன்று பேர், சாப்பாட்டோடு 9,000. எட்டில் ஒன்பது போகாது என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாமாவுக்கு அங்கேதான் ஆரம்பம்.

“பிஜி எதுக்குங்கறேன்? ஓசூர்ல என் சகலை மகன் ரூம் எடுத்திருக்கான். ஓரமா ஒரு பாயைப் போட்டுக்க.” வாடகை: சைபர்.

“ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுங்க மாமா.”

“அதனால என்ன? காரவள்ளியிலேர்ந்து எழுபது கொண்டை ஊசி ஏறி வர்றவனுக்கு சில்க்போர்டு சிக்னல் ஒரு கேடா?” பஸ்: 1,500. மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆகிவிட்டது என்றான் பையன். “அப்ப மெட்ரோல ஏறாதே.” தீர்ந்தது.

சாப்பாடு? சாமை அரிசியும் வாழைத்தாரும் வாராவாரம் பஸ்ஸில் ஏற்றிவிடப்படும். காலைச் சாப்பாட்டைப் பட்டணத்தில் யாரும் சாப்பிடுவதில்லை. டீயை ஆபீஸ் மெஷின் தரும். மற்றதற்கு 1,500 போதும். கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் சட்டையை எவன் பார்க்கிறான்? துணிமணி: சைபர். அட்வான்ஸ்? “அது திரும்பி வர்ற காசுப்பா. அதை எதுக்குச் செலவுல சேக்கறே?” இந்த இடத்தில், கூட வந்திருந்த பையனின் அம்மாவுக்கு ஏதோ இடித்தது. ஆனால் பேனா அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. சீட்டுக்கு 2,000. வீட்டுக்கு அனுப்ப 2,500.

“மிச்சம் ஐநூறு!”

எப்போதும் ஐநூறுதான். போன வருஷம் சென்னை துரைப்பாக்கத்தில் 6,000 ரூபாய்க்குக் கூப்பிட்ட பெண்ணுக்கும் அவர் தாளில் ஐநூறு மிஞ்சியது. அந்தப் பெண் கிளம்பிப் போன பிறகு என்ன மிஞ்சியது என்று மாமா கேட்டதில்லை.

மாமாவைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. மீசை அரும்பும் முன்னே மலையிறங்கி நாமக்கல் லாரியில் கிளீனராக ஏறியவர். சம்பளம் கிடையாது. டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, மழையில் நனைந்து, ஒருநாள் டிரைவர் தூங்குகையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டக் கற்றவர். “நான் சும்மா போகலியா?” என்று அவர் கேட்கும்போது பொய் இல்லை.

ஆனால் அந்தக் கிளீனருக்கு லாரி மேலேயே படுக்கை. சோறு டிரைவர் கணக்கு. தொழில் கற்றுக்கொள்ள வந்த பையன் கைக்காசு போட்டு முதலாளியின் லாரிக்கு டீசல் அடித்ததில்லை. இப்போது அதுதான் நடக்கிறது. மலையில் சில்வர் ஓக் மரங்களில் கொடியேறிய மிளகை அப்பா ஏணி வைத்துப் பறிக்கிறார். பையன் போனால் அந்தக் காசு பெங்களூரு பிஜிக்கு மாதாமாதம் போகும். பையன் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை முழு ஆள் வேலை பார்ப்பான். கண்ணாடிக் கட்டடத்துக்காரருக்கு மானியம் கொடுப்பது கொல்லிமலை மிளகுக்கொடி. 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்தாயிற்று. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகள் வைத்தன. அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் போடாமல் இன்டர்ன் என்று சேர்த்துக்கொண்டால் எட்டும் தரலாம், இரண்டும் தரலாம், ஒரு சான்றிதழை மட்டும் நீட்டியும் அனுப்பலாம். மிளகுத் தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? வட்டிக்கு வாங்கும், அல்லது போகாது. போகாத பிள்ளையை ‘மலையை விட்டு இறங்க மாட்டேங்குது’ என்று ஊர் சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான்.

பையன் இன்னும் முடிவெடுக்கவில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டிருக்கிறான்: பதினைந்தாயிரம் தந்தால் வருகிறேன், இல்லையென்றால் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுங்கள். விஷயம் டீக்கடைக்கு எட்டியது. இன்னொரு தாள் கிழிந்தது.

“பதினஞ்சே குடுத்தாலும் மிச்சம் ஐநூறுதான் கண்ணு,” என்றார் மாமா. “சீட்டை ஒம்பதாக்கிட்டேன்.”