நல்ல சைன்தான்

லினக்ஸ் மாமா நாற்காலியில் உட்கார்ந்ததும் மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டெர்மினலைத் திறந்து, "ஒரே ஒரு வரிதாம்ப்பா" என்பார். அந்த ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் குக்கர் ஏறி இறங்கி, சாப்பாடும் ஆறிப்போயிருக்கும்.

நம் குறை சின்னதுதான். 1920-க்கு 1080 காட்ட வேண்டிய மானிட்டர், 1024-க்கு 768-க்கு மேல் வரமாட்டேன் என்கிறது. எழுத்தெல்லாம் ஊதிப்போய், பெண்ணின் அட்மிஷன் பாரத்தில் பாதி திரைக்கு வெளியே நிற்கிறது. மாமா, திரை அளவை மாற்றும் 'எக்ஸ்ரேண்டர்' கட்டளையை அடிக்கிறார். புது மோடு ஒன்றைக் கணக்குப் போட்டுத் திணிக்கிறார். என்டரைத் தட்டுகிறார். திரை இருண்டுவிடுகிறது.

"நல்ல சைன்தான்" என்கிறார் மாமா.

திரை இருண்டால், சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அர்த்தமாம். மின்னினால் இன்னும் விசேஷம்; ரெஃப்ரெஷ் ரேட் கொஞ்சம்தான் தப்பு. படம் தலைகீழாகத் திரும்பியபோது, "பார்த்தியா, டிரைவர் வேலை செய்யறது!" என்று என் முதுகில் தட்டினார். மானிட்டர் 'நோ சிக்னல்' என்று எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கப் போனால், அவர் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும்: "இப்பத்தான் பிரச்சினை எங்கேன்னு பிடிபடறது." காய்ச்சல் ஏற ஏற, மருந்து பிடிக்கிறது என்று சொல்லும் வைத்தியர் மாதிரி. மே மாத டெல்லியில் ஒருநாள் கரண்டே போயிற்று. எல்லோரும் விசிறி தேடி ஓட, மாமா மட்டும் அசையவில்லை. "ரீபூட் பண்ணணும்னு நெனச்சேன். கரண்ட்காரனே பண்ணிக்கொடுத்துட்டான்."

இத்தனைக்கும் நம் மெஷினில் இருக்கும் உபுண்டு லினக்ஸில் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே திரை அளவை மாற்றினால், இப்படியே இருக்கட்டுமா என்று கேட்கும். 20 விநாடிக்குள் பதில் வராவிட்டால் தானே பழையபடி ஆகிவிடும். இருண்ட திரையில் மனிதன் எந்தப் பட்டனைத் தேடுவான் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். மாமாவின் ஒரு வரிக்கு அந்த இங்கிதம் கிடையாது. அது பலித்தாலும் மெஷினை அணைத்து எழுப்பும் வரைதான். மறுநாள் காலை மறுபடி அவருக்குப் போன் போட வேண்டும்.

நம் உபுண்டுவில் திரையைக் கவனித்துக்கொள்வது வேலண்ட். அங்கே எக்ஸ்ரேண்டரின் அதிகாரம் செல்லாது. மாமா சளைக்கமாட்டார், லாக்-அவுட் செய்து, 1987-இல் வந்த எக்ஸ்-11-க்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வேலண்ட் 2008-இல் தொடங்கியது. அவரைப் பொறுத்தவரை அது நேற்றுப் பிறந்த பொடியன். முணுமுணுத்தால், பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸை விட்டு, உபுண்டுவை வைத்துச் செய்த மாயாவுக்கு மாறப்போகிறது என்று 2023-இல் வந்த செய்தியை எடுத்து நீட்டுவார். "சவுத் பிளாக்குக்கே சரின்னா உனக்கென்னடா?"

நேரு பிளேஸில் கேபிள் விற்கும் பையன் எதையும் நீட்டவில்லை. "கேபிள் பதல் லோ, அங்கிள்" என்றான். விஜிஏ கேபிளில் 15 பின். அதில் 12-உம் 15-உம்தான், நான் இன்ன மானிட்டர், என் அளவு இவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் கொண்டுபோகிறவை. மட்டமான கேபிளில் அந்த வழி அடைபட்டிருக்கும். எதிரில் இருப்பது யாரென்றே தெரியாத கம்ப்யூட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று 1024-க்கு 768-இல் நின்றுவிடுகிறது. மாமாவிடம் சொன்னேன். "கேபிள் தவிர மத்த எல்லாத்தையும் நான்தானே எலிமினேட் பண்ணிக்கொடுத்தேன்?" என்றார்.

அவரைத் திட்டவும் மனசு வராது. ஆர்.கே. புரத்திலிருந்து மெட்ரோ மாறி மாறி வருகிறார். பைசா வாங்குவதில்லை, காபிக்குச் சர்க்கரை கூட வேண்டாம். காசு கொடுத்துக் கூப்பிடும் ஆட்களோ லினக்ஸ் என்றதும் பையைத் திறக்காமலே, விண்டோஸ் போட்டுடுங்க என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் புதுக் கேபிள் மாட்டியும் திரை தேறவில்லை என்பதை நான் யாரிடம் சொல்ல? எப்போதோ ஒரு மத்தியானம், மாமா, லினக்ஸைக் கிளப்பிவிடும் கிரப்பின் ஃபைலில் 'நோமோட்செட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அது இருக்கும்வரை கெர்னல் திரையின் அளவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாது. நேரு பிளேஸையே வாங்கி வந்து மாட்டினாலும் பிரயோசனமில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் கண்டுபிடித்து எடுக்கிறவரை, பெண் பாதி பாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு சைபர் கஃபேயில் வரிசையில் நின்றாள்.

மாமா, நீங்கள் தாராளமாக வாருங்கள், திரையை இருட்டாக்குங்கள், தலைகீழாகக் கூடத் திருப்புங்கள். கிளம்பும்போது மட்டும், எந்த ஃபைலில் எந்த வரியைத் தொட்டீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.