ஏழு சென்டிமீட்டருக்கு நன்றி

பெறுநர்: தலைவர் அவர்கள், சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு, லோசான், சுவிட்சர்லாந்து.

அனுப்புநர்: ஊரார், லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வட்டம், கடலூர் மாவட்டம்.

பொருள்: துணியை அளந்த டேப்பால் மணலையும் அளந்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வரைபடத்தில் லால்பேட்டை தட்டுப்படாவிட்டால் வீராணம் ஏரியைத் தேடவும். சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் அந்த ஏரியின் கரையில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். பெண் பிள்ளைகள் படிக்க பஸ் ஏறி சிதம்பரம் போவார்கள். கடற்கரை வேண்டுமென்றால் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்கும் கடற்கரை வாலிபாலுக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, முதலில் நன்றியைச் சொல்லிவிடுவதுதான் முறை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரை வாலிபால் ஆடிய பெண்களின் கீழாடை, இடுப்பின் பக்கவாட்டில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. லால்பேட்டை டெய்லர்கள் அங்குலக் கணக்குக்காரர்கள். அவர்கள் கணக்கில் இது இரண்டே முக்கால் அங்குலம். நடுத்தர வெற்றிலை ஒன்றின் அகலம். அதற்கு மேல் துணி ஏறினால் பந்து வலையைத் தாண்டாது என்று லோசானில் யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் தொளதொள நிக்கரும் பனியனுமாக ஆடி, பந்தை எப்படித் தாண்ட வைத்தார்கள் என்பது விஞ்ஞானத்துக்கே வெளிச்சம்.

அதே ஏதென்ஸ் ஒளிபரப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஷாட் ஷாட்டாக எண்ணி, 2007இல் கட்டுரை எழுதினார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மார்பை நெருக்கிப் பிடித்த காட்சிகள். பின்புறம் 17 சதவீதத்துக்குச் சற்று மேல். இதில் கேமராக்காரர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. வலையருகே நிற்கும் ஆட்டக்காரி முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள்: ஒரு விரல் என்றால் நேர்க்கோட்டு அடியை மறிப்பேன், இரண்டு என்றால் குறுக்கடியை மறிப்பேன். பின்னால் நிற்கும் கூட்டாளி அதைப் பார்த்துத்தான் எங்கே ஓடுவதென்று முடிவு செய்வாள். ஆட்டத்தின் மூளையே அந்த இரண்டு விரலில் இருக்கிறது. கேமராவும் சரியான இடத்துக்குத்தான் போனது. விரலை மட்டும் கவனிக்கவில்லை.

2012 மார்ச்சில் தங்கள் மனம் இளகியது. மதம், பண்பாடு கருதி அரைக்கால் சட்டையும் கைவைத்த மேல்சட்டையும் போடலாம் என்று அறிவித்தீர்கள். பலன் உடனே தெரிந்தது. லண்டன் ஒலிம்பிக்கின் கண்டத் தகுதிச் சுற்றுகளில் 143 நாட்டுக் கூட்டமைப்புகள். அடுத்த ரியோவுக்கு 169. தங்கள் செய்தித் தொடர்பாளரே சொன்ன கணக்கு இது. 26 நாடுகள் வாசலிலேயே நின்றதற்கு வறுமையையும் வசதியின்மையையும் இனி முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. அந்த ரியோவில், 2016 ஆகஸ்டில், கோப்பகபானா மணலில் எகிப்தின் தோவா எல்கோபாஷி முக்காடும் முழுக்கைச் சட்டையுமாக ஆடினார். எதிரே பிகினியில் ஜெர்மனியின் லாரா லுட்விக், கிரா வால்கன்ஹோர்ஸ்ட். எகிப்து தோற்றது. ஜெர்மனி ஜோடி கடைசியில் தங்கமே வென்றது. அவர்கள் அடித்த பந்து துணியைப் பார்த்து வேகம் கூட்டிக்கொள்ளவும் இல்லை, குறைத்துக்கொள்ளவும் இல்லை.

கூடுதலாகப் போட்டாலும் வம்பு, குறைத்துப் போட்டாலும் வம்பு. 2021 கோடையில் ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு, பிகினி போடாமல் அரைக்கால் சட்டையில் கடற்கரை ஹேண்ட்பால் ஆடிய நார்வே பெண்களுக்கு 1,500 யூரோ அபராதம் போட்டது. அதே ஆண்டு தோஹாவில் தலைகீழ்: பிகினி கூடாது என்றதும் ஜெர்மனியின் கார்லா போர்கரும் யூலியா சூடேவும் வர மறுத்தார்கள், பிறகு கத்தார்க்காரர்கள் தடையேதும் இல்லை என்றார்கள். ஒரே ஆட்டக்காரி ஒரே உடையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் போனால், ஏதாவது ஓர் ஊரில் குற்றவாளி.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? திண்ணைப் பெரியவர்கள் கையிலும் ஒரு டேப் உண்டு. தாங்கள் மேலே ஏற்றி அளந்தீர்கள், இவர்கள் கீழே இறக்கி அளப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த டேப் மதமும் பார்ப்பதில்லை. லால்பேட்டையில் நீளும் அதே டேப் சிதம்பரம் கீழவீதியிலும் காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவிலும் நீளும். பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் மின்னொளி கைப்பந்துப் போட்டி. ஃபிளெக்ஸ் பேனரில் பரிசு கொடுப்பவர் படம் ஆளுயரத்துக்கு இருக்கும். பெண்கள் அணி என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினால் கண்தான் வலிக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பெண்களுக்கும் கடற்கரை வாலிபால் போட்டி நடத்துகிறது. ஆனால் அதற்குப் பயிற்சி எடுக்க மணல் எங்கே?

கடல் இல்லை என்பது சாக்காகாது. அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களுக்கென்றே இந்த ஆட்டத்துக்குத் தேசியப் பட்டப் போட்டி 2016 முதல் நடக்கிறது. ஓர் அணிக்கு ஐந்து ஜோடி. 2025இல் பட்டத்தைத் தூக்கியது டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். அது இருக்கும் ஃபோர்ட்வொர்த் நகரத்திலிருந்து அலைச் சத்தம் கேட்கப் பல மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். லண்டனில் குதிரைப்படை அணிவகுக்கும் திடலில், பாரிஸில் ஈபிள் கோபுரத்தடியில், கொண்டுவந்து கொட்டிய மணலில்தான் ஒலிம்பிக்கே நடந்தது. அங்கெல்லாம் கொட்ட முடிந்த மணலை ஏரிக்கரையில் கொட்டினால் என்ன?

ஆகவே கணக்குக்கு வருவோம். ஆடுகளம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிலும் குறைந்தது மூன்று மீட்டர் காலியிடம். மணல் 40 சென்டிமீட்டர் ஆழம், கல்லும் கிளிஞ்சலும் இல்லாமல் சலித்தது. பெண்களுக்கு வலை உயரம் 2.24 மீட்டர். எல்லாம் தங்கள் விதிப் புத்தகம் சொல்வதுதான். பெருக்கிப் பார்த்தால் 123 கன மீட்டர் மணல். இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் பாஷையில் ஏறக்குறைய 44 யூனிட். கொள்ளிடம் பக்கத்தில்தான் ஓடுகிறது. இரவில் எத்தனையோ யூனிட் எங்கெங்கோ போகிறது. ஆனால் பெண் பிள்ளைகள் குதித்து விளையாட 44 யூனிட் வேண்டும் என்று பகலில் போய் எழுதிக் கேட்டால், லாரி யாருடையது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரணை தொடங்கிவிடும்.

கீழாடையை ஏழு சென்டிமீட்டர் வரை துல்லியமாக அளந்த கூட்டமைப்பின் கையெழுத்து இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொஞ்சம் சீக்கிரம் நகரும் என்று ஊரார் நம்புகிறார்கள். மணல் லாரிக்கான நடைச்சீட்டை யார் பெயரில் எழுத வேண்டும் என்பதை மறு தபாலில் தெரிவிக்கவும். சொந்த முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை இணைக்கப்பட்டுள்ளது. இந்தியத் தபால்தலை லோசானில் செல்லாது என்றால் அதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஊரார், லால்பேட்டை.