கொப்பி கொடுத்த கை

2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கான இறக்குமதி வரி 50 ரூபாயிலிருந்து 25 சதமானது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் காத்திருந்தார். விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ரூபாய் நட்டமென்று பிறகு கணக்குப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய நன்கொடைக்கு ஒரு பதாகைகூட இல்லை!

கம்பனிகள் பள்ளிக்கூடத்துக்குக் கொப்பி கொடுப்பதென்றால் கதை வேறு. மேடை, மாலை, நாதஸ்வரம். படம் சரியாக விழும்வரை பிள்ளை அதே கொப்பியைத் திரும்பத் திரும்ப வாங்கவேண்டும். அந்தச் செலவை விளம்பரமென்று கணக்கில் எழுதினால் வரியும் குறையும். பொறுப்புக்கும் பொறுப்பு, இலாபத்துக்கும் இலாபம்.

பிள்ளையின் அப்பா சவர்க்காரத்துக்கே 18 வீத வற் கட்டுகிறார். அவருக்குக் கிடைப்பது பற்றுச்சீட்டு, அதுவும் கேட்டால்தான்.